முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் இரத்தமும்: ஒதுக்கிய பைன்டை ஏன் ஏற்றாமல் விடுகிறார்கள்?

முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் வீட்டில் எழும் முதற்பேச்சு இரத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் அம்மாவின் நாரி முள்ளென்புகளுக்குத் திருகாணி பூட்ட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால், அன்று பின்னேரமே "ஓ பொசிட்டிவ் தேவைப்படலாம், ஆயத்தமாக இருங்கோ" என்று மகன் வட்சப்பில் போட்டுவிடுவார். "இரண்டு பைன்ட் ஒதுக்கியிருக்கு" என்று வாட்டில் சொன்ன பிறகுதான் மனம் ஆறும். சத்திரசிகிச்சை முடிகிறது. இரண்டு பைன்டும் ஏற்றப்படவில்லை. மறுநாள் ஈமோகுளோபின் (குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம், டெசிலீற்றருக்கு இத்தனை கிராம் என்று அளப்பது) 8.6 என்று வருகிறது, அப்போதும் ஏற்றவில்லை. "12 இருக்க வேண்டிய இடத்தில் 8.6. கையில் இரத்தம் இருக்கிறது. ஏன் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்?" என்ற கேள்வி கோபமாக மாறுகிறது.

அநேகமாக அது கவனக்குறைவு அல்ல, யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவின் பின்னால் எண்பது வருட மருத்துவ அனுபவம் இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரத்தத்தைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு தியேட்டருக்கு வெளியே, சத்திரசிகிச்சைக்கு ஐந்து ஆறு கிழமைக்கு முன்பு, சாதாரண கிளினிக் மேசையில் நடக்க வேண்டியது. அந்தக் கிழமைகள் வீணாகிப் போவதுதான் எங்கள் குடும்பங்களுக்குத் தெரியாமலே நேரும் பெரிய இழப்பு.

உடம்பில் எவ்வளவு, போவது எவ்வளவு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 65 முதல் 70 மில்லிலீற்றர் குருதி ஓடுகிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறக்குறைய 3,900 மில்லிலீற்றர். இரத்ததான முகாமில் ஒருவர் கொடுக்கும் 450 மில்லிலீற்றரை இதனோடு ஒப்பிட்டால் அளவு பிடிபடும்.

முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. முள்ளென்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கிய தட்டின் ஒரு துண்டை நுண்காட்டி வைத்து எடுக்கும் சத்திரசிகிச்சையில் இழப்பு பெரும்பாலும் 100 மில்லிலீற்றருக்குள் நின்றுவிடும். ஒன்றிரண்டு முள்ளென்புகளைத் திருகாணி பூட்டி இணைப்பதில் சில நூறு மில்லிலீற்றர் போகலாம். முதுகு வளைவை நிமிர்த்தும் நீண்ட சத்திரசிகிச்சையிலும், முள்ளென்புக்குப் பரவிய புற்றுநோயை அகற்றுவதிலும் ஒரு லீற்றரைத் தாண்டுவது அரிதல்ல. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு சொட்டும் ஏற்றவில்லை" என்பதை வைத்து இன்னொருவரின் நிலையைக் கணிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

போன குருதியை எப்படி அளக்கிறார்கள்? உறிஞ்சு குழாய் போய் முடியும் போத்தலில் கோடுகள் இருக்கும். அதில் சேர்ந்ததிலிருந்து, காயத்தைக் கழுவ ஊற்றிய சேலைனின் அளவைக் கழிக்கிறார்கள். நனைந்த துணித் துண்டுகளைத் தராசில் வைத்து, உலர்ந்த துணியின் எடையைக் கழிக்கிறார்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீற்றர் குருதி என்று கணக்கு. தாதி ஒவ்வொரு துணியாக எண்ணி, நிறுத்து, பலகையில் எழுதிக்கொண்டே இருப்பார். கண்மதிப்பாகச் சொல்வது பெரும்பாலும் பிழைத்துவிடும் என்பதால்தான் இந்தச் சிரமம்.

முதுகு ஏன் இப்படிக் கசிகிறது

கையிலோ காலிலோ சத்திரசிகிச்சை என்றால் மேலே ஒரு பட்டையை இறுக்கிக் குருதியோட்டத்தை நிறுத்திவிடலாம். முதுகுக்கு அப்படி எங்கே பட்டை கட்டுவது? அதோடு இன்னும் மூன்று காரணங்கள் சேர்கின்றன.

1. முள்ளென்பின் உட்பக்கம் கடற்பஞ்சு போன்றது. வளர்ந்தவர்களின் கை கால்களில் உள்ள நீண்ட என்புகளில் மச்சை பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடும். முள்ளென்புகளிலோ குருதிக் கலங்களைச் செய்யும் செம்மச்சை முதுமை வரை இருக்கும். என்பு ஒட்டி வளர்வதற்காக அதன் மேற்பரப்பைச் சுரண்டும்போது, அந்தப் பஞ்சு முழுவதும் கசியும். இந்தக் கசிவுக்குக் கட்டிவிட ஒரு தனிக் குழாய் இல்லை.

2. முண்ணாணைச் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) சுற்றி நாளங்களின் வலை ஒன்று இருக்கிறது. பற்சன் என்ற உடற்கூற்றியலாளர் 1940இல் விளக்கியதால் அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. கால் நாளங்களில் உள்ளதுபோல் குருதி பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வுகள் இதில் இல்லை. அதனால் வயிற்றில் அழுத்தம் கூடினால் குருதி நேரே இந்த வலைக்குள் தள்ளப்பட்டு, நாளங்கள் புடைக்கும்.

3. முதுகின் தடித்த தசைகளை என்பிலிருந்து நீளமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை முள்ளென்பு கூடுகிறதோ, எத்தனை மணித்தியாலம் நீள்கிறதோ, அத்தனைக்கு இழப்பும் கூடும்.

ஏற்றிவிட்டால் என்ன?

குருதி ஏற்றுவது உயிரைக் காக்கும் சிகிச்சை. அதில் ஐயமே இல்லை. ஆனால் அது சத்துமா போல உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் பண்டம் அன்று. வேறொருவரின் உயிருள்ள கலங்களை ஓர் உடலுக்குள் விடுகிறோம். ஒரு சிறு உறுப்பு மாற்றம் என்றே அதைச் சொல்லலாம்.

இலங்கையில் குருதியைச் சேகரித்து, சோதித்து, வழங்குவது தேசிய குருதி மாற்றீட்டுச் சேவை. அதன் மைய நிலையம் நாரஹேன்பிட்டவில் இருக்கிறது. 2014 முதல் நாட்டின் குருதி முழுவதும் பணம் வாங்காத தன்விருப்பக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது. இது பெருமைப்பட வேண்டிய விடயம். எயிட்ஸ் வைரஸ், ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு கொடையும் சோதிக்கப்படுகிறது. ஆகவே மக்கள் அதிகம் பயப்படும் "நோய் தொற்றிவிடுமோ" என்பது இன்று மிகச் சிறிய ஆபத்து. அதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு:

1. ஆள் மாறி, வகை மாறி ஏற்றப்படுவது. ஆய்வுகூடத்தை விட, பெயரும் எண்ணும் எழுதும் இடத்தில்தான் இது பெரும்பாலும் பிழைக்கிறது. பை கட்டிலுக்கு வந்ததும் இரண்டு பேர் நின்று பெயர், வாட் எண், பையின் எண் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்பது இதற்காகவே. நோயாளியிடம் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்பட வேண்டாம், அந்தக் கேள்வி உயிர்காப்பு.
2. முதியவர்களின் இதயம் தாங்காத அளவுக்குத் திரவம் கூடி, நுரையீரலில் நீர் கோர்ப்பது.
3. காய்ச்சல், ஒவ்வாமை, அரிதாக நுரையீரல் சடுதியாகப் பாதிக்கப்படுவது.
4. உடல் புதிய எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்வது. பின்னாளில் இவருக்குப் பொருந்தும் குருதி தேடுவது கடினமாகும். இளம்பெண்களுக்குப் பிற்காலக் கர்ப்பத்திலும் இது சிக்கல் தரலாம்.
5. குருதி ஏற்றப்பட்டவர்களிடம் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கிருமித்தொற்றும் வைத்தியசாலையில் தங்கும் நாள்களும் கூடுதலாகக் காணப்படுவது. பெரிய சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்கே கூடுதலாக ஏற்றப்படுகிறது என்பதும் இதில் கலந்திருக்கிறது. இருந்தாலும் புறந்தள்ளக் கூடியதல்ல.

"அந்நியரின் இரத்தம் ஏன், நாங்களே கொடுக்கிறோம்" என்று பிள்ளைகள் முன்வருவது இயல்பு. ஆனால் நெருங்கிய உறவினரின் குருதி கூடுதல் பாதுகாப்பு என்பது பிழையான எண்ணம். பிள்ளையின் வெண்குருதிக் கலங்களைத் தாயின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட, அந்தக் கலங்கள் தாயின் உடலையே தாக்கும் அபூர்வமான, உயிர்பறிக்கும் நிலை ஒன்று இருக்கிறது. அதனால் உறவினரின் குருதி என்றால் கதிர்வீச்சால் அந்தக் கலங்களைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்ற வேண்டும். முகாமில் பொதுவாகக் கொடுத்துவிடுவதே சிறந்த வழி.

பையின் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். குளிரூட்டியில் 2 முதல் 6 பாகை வெப்பநிலையில் வைத்த செங்குருதிக் கலங்கள் கூடியது 42 நாள் தாங்கும், குருதியை உறையவைக்க உதவும் சிறுதட்டுக்கள் 5 நாள்தான். வெசாக், பொசன் காலத்தில் முகாம்கள் நிரம்பி வழியும், மற்ற மாதங்களில் அப்படியில்லை. தலசீமியா என்ற பரம்பரைக் குருதிச்சோகையோடு பிறந்த பிள்ளைக்கோ மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, வருடம் முழுவதும், வாழ்நாள் முழுவதும் பை வேண்டும். முதுகுச் சத்திரசிகிச்சையில் மிச்சம் பிடித்த ஒரு பை அந்தப் பிள்ளைக்குப் போகிறது.

10 என்ற பழைய கோடு

ஈமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் குருதி ஏற்று என்பது நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது. 1942இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த அடம்ஸ், லண்டி என்ற இரு வைத்தியர்கள் தங்கள் அனுபவத்தில் சொன்ன யோசனை அது. ஒப்பீட்டு ஆய்வு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. எங்கள் பெற்றோரின் காலத்து வைத்தியர்கள் அந்தக் கோட்டிலேயே பழகினார்கள், குடும்பங்களும் அதையே கேட்டு வளர்ந்தன.

1999இல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர்கள் 838 பேரை வைத்து நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. 7க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்கள், 10க்குக் கீழே போனதும் ஏற்றியவர்களை விட மோசமாகவில்லை. எங்கள் விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2011இல் வெளியான ஆய்வு. இடுப்பென்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்த, 50 வயதும் அதற்கு மேலுமான, இதயநோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2,016 பேர். ஒரு பகுதியினருக்கு 10 என்ற கோடு, மறுபகுதியினருக்கு 8 அல்லது அறிகுறி தெரிந்தால். 60 நாள் கழித்துப் பார்த்தபோது இறப்பிலும் வித்தியாசமில்லை, துணையின்றி நடக்கும் திறனிலும் வித்தியாசமில்லை.

இப்படித்தான் இன்றைய கோடு உருவானது: நிலைமை சீராக உள்ள பெரும்பாலானவர்களுக்கு 7, என்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் 8. அம்மாவின் 8.6 இந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் கோட்டை மட்டும் பார்ப்பதும் பிழை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எழுந்து இருந்தாலே தலைசுற்று, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் குறையாத வேக நாடித்துடிப்பு ஆகியவை இருந்தால் 8.6இலும் ஏற்ற வேண்டிவரலாம். மாரடைப்பு வந்திருப்பவர்களுக்குக் கோட்டை உயர்த்தி வைப்பதே நல்லது என்ற பக்கம் 2023இல் வந்த பெரிய ஆய்வு சாய்கிறது.

இன்னொரு விதிவிலக்கு முக்கியமானது. குருதி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஈமோகுளோபின் எண்ணை நம்பக்கூடாது. ஒரு கோப்பைப் பிளேன்ரீயில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டாலும் மிச்சத்தின் சாயம் அப்படியேதான் இருக்கும். தண்ணீர் விட்டு நிரப்பினால்தான் வெளிறும். குருதியும் அப்படியே. பெருக்கெடுத்த நேரத்தில் எண் 11 என்று காட்டும், ஆள் ஆபத்தில் இருப்பார். அங்கே எண்ணுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், உடனே ஏற்றுவார்கள். மறுநாள் எண் இறங்குவதற்கும் இதே விளக்கம்தான். அதில் ஒரு பங்கு உண்மையான இழப்பு, இன்னொரு பங்கு நாளத்தில் ஏற்றிய சேலைன் சேர்ந்ததால் வந்த வெளிறல்.

கிளினிக் மேசையில்: ஆறு கிழமைக் கணக்கு

இனி மையமான விடயம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடை, 3,900 மில்லிலீற்றர் குருதி. 8 வரை இறங்க விடலாம் என்று வைத்துக்கொள்வோம்.

1. ஈமோகுளோபின் 13 உடன் தியேட்டருக்குப் போனால்: 13 இலிருந்து 8க்கு இறங்க 5 புள்ளி. 3,900ஐ 5ஆல் பெருக்கி 13ஆல் வகுத்தால் 1,500 மில்லிலீற்றர். அவ்வளவு இழப்பை அவர் தன் கையிருப்பிலிருந்தே தாங்குவார்.
2. 10.5 உடன் போனால்: இறங்க 2.5 புள்ளிதான். 3,900ஐ 2.5ஆல் பெருக்கி 10.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 930 மில்லிலீற்றர்.

இது பருமட்டான கணக்குத்தான், ஆனாலும் வித்தியாசம் 570 மில்லிலீற்றர். எவ்வளவு கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரும், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் இந்த இடைவெளியை இலேசில் ஈடுசெய்ய முடியாது. இரும்புக் குளிசை ஈடுசெய்யும். இதனால்தான் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் ஆண் பெண் இருவருக்கும் 13 என்பதை இலக்காக வைக்க வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்குக் குருதிச்சோகை என்று வரையறுப்பது 12க்குக் கீழே. ஆனால் உடல் சிறிதான பெண்களுக்குக் கையிருப்புக் குறைவு, போகும் இழப்போ ஆணுக்குப் போகும் அளவுதான். அவர்களுக்கு 12 போதாது என்ற வாதம் நியாயமானது.

ஈமோகுளோபின் குறைவு என்று வந்தால் அடுத்த கேள்வி "ஏன்" என்பது. கடையில் வாங்கிய டொனிக் அதற்குப் பதிலாகாது. பெரிட்டின் என்ற சோதனை உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். நாட்பட்ட முதுகுவலிக்காரரிடம் ஒரு காரணத்தைக் கட்டாயம் தேட வேண்டும். மாதக்கணக்கில் விழுங்கிய டைகுளோபெனக், இபுபுரோபன் போன்ற வலிமாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, தெரியாமல் சிறிது சிறிதாகக் குருதி கசியச் செய்திருக்கலாம். மலம் தார் போலக் கறுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். இலங்கையில் இன்னொன்றும் உண்டு. தலசீமியாவைச் சுமப்பவர்களின் குருதிக் கலங்கள் இரும்புக் குறைபாடு போலவே சிறியதாகத் தெரியும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. அவர்களுக்குச் சோதிக்காமல் இரும்பு கொடுத்துக்கொண்டே போவதில் பயனில்லை.

இரும்புக் குறைபாடு உறுதியானால் குளிசை நன்றாகவே வேலை செய்யும், நேரம் இருந்தால். உடல் ஏற்றுக்கொண்டால் மூன்று நான்கு கிழமையில் 1 முதல் 2 புள்ளி வரை உயரும். அதைக் கெடுப்பது எங்கள் பழக்கம் ஒன்று: சோறு தின்ற கையோடு பிளேன்ரீ. தேயிலையில் உள்ள தனின் இரும்பைப் பிடித்து வைத்துவிடும். குளிசைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விட்டு, தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் உறிஞ்சல் கூடும். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிறும் தாங்கும், ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உறிஞ்சப்படும் பங்கும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடுவதற்கு முன் வைத்தியரிடம் இதைக் கேட்கலாம்.

நேரம் குறைவு, அல்லது குளிசை ஒத்துவரவில்லை என்றால் நாளம் வழியாக இரும்பு ஏற்றலாம். ஆனால் அதை மாயமருந்தாக எண்ணக்கூடாது. பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், ஈமோகுளோபின் உயர்ந்தது, குருதி ஏற்றும் தேவையோ குறையவில்லை. யாருக்கு உண்மையில் இரும்புக் குறைபாடு என்று தெரிந்து கொடுப்பதே சரி.

அடுத்தது மருந்துப் பட்டியல். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்பதற்குப் பொதுவான அளவுகள் உள்ளன: குளோபிடோகிரெல் 5 முதல் 7 நாள், வார்பரின் 5 நாள், அஸ்பிரின் 7 நாள் வரை, புதிய வகை மருந்துகள் சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து 2, 3 நாள். இவற்றை நோயாளி தானாக நிறுத்துவது பேராபத்து. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரினை எண்ணிப் பார்க்காமல் நிறுத்தினால், முதுகைக் காப்பாற்றப் போய் மாரடைப்பில் முடியலாம். இதய வைத்தியரும் முதுகு வைத்தியரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. கிளினிக் கொப்பி இரண்டாக இருந்தால் இரண்டையும் கொண்டுபோங்கள். மீனெண்ணெய், உள்ளிக் குளிசை, நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

ஒரு காலத்தில் நோயாளியின் குருதியையே முன்கூட்டி எடுத்து வைத்து, சத்திரசிகிச்சையில் திரும்ப ஏற்றும் முறை பரவலாக இருந்தது. எடுப்பதால் ஆள் சோகையோடு தியேட்டருக்குப் போகிறார், எடுத்த பைகளில் பல வீணாகின்றன என்று கண்டபின் அது கைவிடப்பட்டு வருகிறது. மிக அபூர்வமான குருதி வகைக்காரருக்கு இன்னும் பயன்படும்.

தியேட்டருக்குள்

*படுக்க வைப்பது.* செலவே இல்லாத, ஆனால் பெரும் பலன் தரும் வழி இது. குப்புறப் படுக்க வைக்கும்போது நெஞ்சையும் இடுப்பெலும்பையும் மட்டும் திண்டுகள் தாங்க, வயிறு ஒன்றிலும் முட்டாமல் தொங்க வேண்டும். றெல்ரன், ஹோல் என்ற இருவர் 1967இல் வடிவமைத்த நாலு திண்டுச் சட்டகத்திலிருந்து இன்றைய விசேட மேசைகள் வரை எல்லாவற்றின் அடிப்படையும் இதுதான். வயிறு அமுங்கினால் பற்சன் நாளவலை புடைக்கும் என்று மேலே பார்த்தோம். மயக்க மருந்து வைத்தியர் கையைக் கீழே விட்டு, வயிறு தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் ஒரு பை குருதி மிஞ்சலாம்.

*டிரனெக்சாமிக் அமிலம்.* யப்பானைச் சேர்ந்த உற்றாகோ ஒகமோற்றோ, ஷொசுகே ஒகமோற்றோ தம்பதியர் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்ட மருந்து. உடல் குருதிக்கட்டியைக் கட்டும்போதே அதைக் கரைக்கவும் ஆயத்தமாகிறது. கரைக்கும் நொதியமான பிளாஸ்மின், கட்டியின் பைபிரின் நார்களில் கொளுவிக்கொள்ளச் சில கொக்கிகள் வைத்திருக்கிறது. இம்மருந்து அந்தக் கொக்கிகளை அடைத்துவிடும். புதிதாகக் கட்டியை உண்டாக்காது, உண்டான கட்டியைக் கரையாமல் காக்கும். 2010இல் வெளியான ஆய்வில் விபத்தில் காயப்பட்ட 20,211 பேரிடம் இது இறப்பை 16.0 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைத்தது. 2022இல் இதயம் அல்லாத சத்திரசிகிச்சைகள் செய்த 9,535 பேரிடம் பெருங்கசிவை 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆக இறக்கியது. முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையிலும் பல ஆய்வுகள் இதே பக்கம்தான் நிற்கின்றன. அளவில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. முதல் தடவை ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை வெவ்வேறு இடங்களில் கொடுக்கிறார்கள்.

இந்த மலிவான மருந்தைத் தகுந்த காரணமின்றிக் கொடுக்காமல் விடுவதற்கு இன்று இடமில்லை என்பதே என் மதிப்பீடு. தகுந்த காரணங்களும் உண்டு: காலிலோ நுரையீரலிலோ ஏற்கெனவே குருதிக்கட்டி, வலிப்பு நோய், பழுதான சிறுநீரகம். 2022 ஆய்விலும் இதய, மூளைச் சிக்கல்கள் சிறிதும் கூடாது என்று திட்டவட்டமாக நிறுவ முடியவில்லை. முள்ளந்தண்டுத் திரவத்துக்குள் இது தவறிச் சேர்ந்தால் கடும் வலிப்பும் மரணமும் நேரும். முதுகில் போடும் விறைப்பு மருந்தின் குப்பியும் இதன் குப்பியும் பார்வைக்கு ஒத்திருந்து மாறிப்போன சம்பவங்கள் உலகில் நடந்ததால், இரண்டையும் பிரித்து வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது.

*சூடு.* குளிர்ந்த உடலில் குருதி சரியாக உறையாது. உடல் வெப்பநிலை ஒரு பாகைக்கும் குறைவாக இறங்கினாலே இழப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது என்று 2008இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. சூடான காற்று ஊதும் போர்வையும் சூடாக்கிய சேலைனும் சொகுசுக்கல்ல.

*குருதி அமுக்கம்.* அமுக்கத்தை வேண்டுமென்றே இறக்கினால் கசிவு குறையும் என்பது பழைய உத்தி. ஆனால் முண்ணாணுக்கும் கண்ணின் நரம்புக்கும் ஓட்டம் குறைந்தால் கால் இழுத்துப்போகலாம், பார்வை போகலாம். பஞ்சுபோன்ற என்பிலிருந்து வருவது பெரும்பாலும் நாளக் கசிவு என்பதால், நாடியின் அமுக்கத்தை இறக்கிப் பெறும் இலாபமும் எதிர்பார்த்த அளவு இல்லை. குறிப்பாக வளைவை நிமிர்த்தும் கட்டத்தில் இன்று அமுக்கத்தை உயர்த்தியே வைக்கிறார்கள்.

*சொந்தக் குருதியை மீட்பது.* உறிஞ்சிய குருதி உறையாமல் மருந்து கலந்து, வடிகட்டி, வேகமாகச் சுழற்றி, சேலைனால் கழுவி, செங்கலங்களை மட்டும் நோயாளிக்கே திருப்பிக் கொடுக்கும் இயந்திரம் உண்டு. ஒரு லீற்றர் அளவில் போகக்கூடிய சத்திரசிகிச்சைக்கு இது பெறுமதியானது. சிறிய சத்திரசிகிச்சைக்குச் செலவுதான். திரும்ப வருவது செங்கலங்கள் மட்டுமே, உறையவைக்கும் பொருள்கள் கழுவிப்போய்விடும். கிருமித்தொற்றிய காயத்தில் பயன்படுத்துவதில்லை. புற்றுநோய் என்றால் விசேட வடிகட்டியோடு, யோசித்தே பயன்படுத்துவார்கள்.

புற்றுநோயில் வேறொரு வழியும் உள்ளது. சிறுநீரகத்திலிருந்தோ தைரொயிட்டிலிருந்தோ முள்ளென்புக்குப் பரவிய கட்டி குருதிக் குழாய்கள் நிறைந்தது. சத்திரசிகிச்சைக்கு ஓரிரு நாள் முன், குழாய் செலுத்தி, அதற்குப் போகும் நாடிகளை உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள்.

மற்றவை நிபுணரின் கைவண்ணம்: என்போடு ஒட்டியே தசையைப் பிரிப்பது, நாளத்தை இருமுனைக் கருவியால் சுடுவது, கசியும் என்பில் மெழுகு பூசுவது, ஜெலட்டின் பஞ்சு வைப்பது, நீண்ட சத்திரசிகிச்சையை இரண்டு நிபுணர்கள் சேர்ந்து விரைவாக முடிப்பது.

வாட்டுக்கு வந்த பிறகு

ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பையாக ஏற்றிப் பார்ப்பதே இன்றைய முறை. ஒரு பை செங்கலங்கள் ஈமோகுளோபினை ஏறத்தாழ 1 புள்ளி உயர்த்தும். ஏற்றிய பின் ஆளையும் பார்த்து, எண்ணையும் பார்த்து, அடுத்ததைத் தீர்மானிப்பார்கள். ஒதுக்கிய இரண்டாவது பை திரும்ப இரத்த வங்கிக்குப் போய் இன்னொருவருக்கு உதவும். ஒதுக்குவது என்பது அவசரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது மட்டுமே.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியின் பின்பக்கத்தில் இவற்றை எழுதிக்கொண்டு போகலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னது பிடிபடாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி கேட்பதில் தவறில்லை:

1. டொக்டர், அம்மாவின் ஈமோகுளோபின் இப்போது எத்தனை? பெரிட்டின் பார்க்க வேணுமா?
2. இந்தச் சத்திரசிகிச்சையில் வழக்கமாக எவ்வளவு இரத்தம் போகும்?
3. எந்த மருந்தை எந்தத் திகதியிலிருந்து நிறுத்த வேணும், திரும்ப எப்போது தொடங்க வேணும்?
4. டிரனெக்சாமிக் அமிலம் கொடுப்பீங்களா? அம்மாவுக்கு அது ஒத்துவருமா?

வீட்டுக்கு வந்த பிறகும் இரும்புக் குளிசை சில மாதம் தொடர வேண்டியிருக்கும், 8.6 தானாக ஒரு கிழமையில் 12 ஆகாது. முதல் நாள்களில் களைப்பு இருக்கும், கையைப் பிடித்து மெதுவாக எழுப்ப வேண்டும்.

கசிந்த குருதி வெளியே வராமல் உள்ளே தேங்கி முண்ணாணையோ நரம்புகளையோ அமுக்குவது அரிது. ஆனால் நேர்ந்தால் மணித்தியாலக் கணக்கில் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. காலில் புதிதாகப் பலம் குறைகிறது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை, முதுகுவலி திடீரென்று தாங்கமுடியாமல் கூடுகிறது என்றால், இரவு இரண்டு மணியானாலும் உடனே மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். காலையில் பெரிய டொக்டர் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது.